பூனை ரோமக் கோழி

"ஏப்பா, இது கோழியா, பூனைக்குட்டியா?"

பக்கத்து வீட்டு ஆத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்ட இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. இதே சந்தேகம் எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெனிஸ் நகரத்து வியாபாரிக்கும் வந்து, அவர் அதை ஒரு புத்தகத்திலும் சொல்லி வைத்திருக்கிறார் என்பது அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. ஆத்தா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாள்.

"சிரி, சிரி. முட்டை விடுமா, இல்லே மடியிலே வச்சுக் கொஞ்சிக்கிட்டே இருக்கணுமா?"

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால் கிழக்கே மேகமலைத் தொடர் தெரியும். அந்தப் பின்புறத்தில்தான் அன்று காலை நான்கு சில்க்கிக் குஞ்சுகளை இறக்கிவிட்டிருந்தேன். பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வெள்ளை வெளேரென்று பஞ்சு உருண்டை போன்ற உடம்பு. தலையில் ஒரு பஞ்சுக் கொண்டை. பறவைக்கு உரிய இறகென்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் தோல் கறுப்பு. அறுத்துப் பார்த்தவர்கள் இறைச்சியும் கறுப்பு, எலும்பும் கறுப்பு என்கிறார்கள். காதோரத்தில் நீலமாக ஒரு மடல். பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு விரல் என்றால் இதற்கு ஐந்து. இந்த ஐந்தாவது விரலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனால் ஒரு வழக்கே வரப்போகிறது.

வெனிஸ் வியாபாரி யாரென்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். மார்க்கோ போலோ 1298-ஆம் வருஷம் ஜெனோவாவில் சிறைப்பட்டுக் கிடந்தபோது, உடனிருந்த ருஸ்டிச்செல்லோ என்ற கதாசிரியரிடம் தம் பிரயாணங்களைச் சொல்லி எழுதுவித்தார். (சிறைச்சாலையில் நல்ல கதாசிரியர் ஒருவர் துணைக்கு அகப்படுவது எல்லாப் பிரயாணிகளுக்கும் வாய்க்கிற அதிர்ஷ்டமல்ல.) அதில் சீன தேசத்து ஃபூஜோ பிரதேசத்தைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே இறகுக்குப் பதிலாகப் பூனையைப் போல ரோமம் உள்ள கறுப்புக் கோழிகள் உண்டென்றும், அவை நல்ல முட்டை இடுமென்றும் சொல்லுகிறார். எங்கள் ஆத்தாவின் இரண்டு கேள்விகளும் அதில் அடங்கிவிட்டன.

அவருக்குச் சுமார் முப்பது வருஷம் பின்னால் அதே ஊருக்குப் போன ஓடோரிக் என்ற பாதிரியார், பனி போல் வெளுத்த கோழிகளைக் கண்டு ஆட்டு ரோமத்துக்கு ஒப்பிட்டார். ஒருவருக்குப் பூனை, ஒருவருக்கு ஆடு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. இரண்டு பேருமே நம் தமிழ்க் கரையை மிதித்தவர்கள். மார்க்கோ போலோ 1292-இல் சீனாவிலிருந்து கப்பலேறித் திரும்புகிற வழியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் அரபு நாட்டிலிருந்து வந்திறங்கிய குதிரைகளையும் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். ஓடோரிக் சீனாவுக்குப் போகிற வழியில் மயிலாப்பூருக்கு வந்தார். ஒருவர் கோழியைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்த்தார். மற்றவர் நம்மைப் பார்த்துவிட்டுக் கோழியைப் பார்த்தார்.

இவர்களெல்லாம் எதற்கு, நம்மவர்களே அங்கே இருந்தார்களே! ஃபூஜோவுக்குத் தெற்கே, கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்புகிற தூரம்கூட இராது, சுவான்ஜோ என்ற பெரிய துறைமுகப் பட்டினம். அங்கே தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவன் கோயில் கட்டினார்கள். 1281-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது. சீனத்துச் சந்தையில் அவர்கள் இந்தக் கோழியைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால் கல்வெட்டு கோயிலைப் பற்றியும் மன்னன் நலத்தைப் பற்றியும் பேசுகிறதே தவிர, கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை. சந்தையில் பார்த்ததைக் கல்லில் வெட்டுகிற வழக்கம் நமக்கு இல்லை. வெனிஸ்காரர் முந்திக்கொண்டார்.

சீனர்களுக்கு இது வேடிக்கைப் பொருள் அல்ல, மருந்து. 1596-இல் அச்சான லீ ஷிஜென்னின் பெரிய மருத்துவ நூலில் கறுப்பெலும்புக் கோழிக்குத் தனி மரியாதை உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதைச் சூப்பு வைத்துக் கொடுக்கிற வழக்கம் அங்கே இன்றைக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் 1600-இல் பொலோனா நகரத்துப் பண்டிதர் அல்ட்ரோவாண்டி தம் பறவை நூலில் கம்பளிக் கோழியைச் சேர்த்தார். டச்சுக்கார வியாபாரிகள் சிலர், முயலுக்கும் கோழிக்கும் பிறந்த பிராணி என்று சொல்லி இதை விற்றதாக ஒரு கதை உண்டு. பூனை, ஆடு, முயல்: கோழி என்பதைத் தவிர எல்லாமாகவும் இது இருந்து பார்த்திருக்கிறது.

முயல் கதையைக் கேட்டு நான் டச்சுக்காரர்களைப் பரிகாசம் செய்ய முடியாது. எனக்கு விற்ற பண்ணைக்காரர், "ரெண்டு சேவல், ரெண்டு பெட்டை, பக்கா ஜோடி சார்" என்று சத்தியம் செய்துதான் கொடுத்தார். ஐந்தாவது மாதத்தில் மூன்று சேவல்கள் கூவின. சில்க்கிக் குஞ்சில் ஆண் பெண் கண்டுபிடிப்பது அனுபவஸ்தர்களுக்கே கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் என்னை ஏமாற்றினாரா, தாமும் ஏமாந்தாரா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. இதன் கறுப்பு இறைச்சி சர்க்கரை முதல் வாதம் வரை சகலத்தையும் தீர்க்கும் என்றும் அவர் சொன்னார். அதை நான் அப்போதே நம்பவில்லை. கறுப்புக் கோழிக்கு நம் நாட்டிலும் பெயர் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மலைவாசிகளின் கடக்நாத் கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பிறகு கருங்கோழி என்றால் விலையும் ஏறிவிட்டது, வியாதி தீர்க்கும் பட்டியலும் நீண்டுவிட்டது. 2012-இல் ஈமு கோழியில் பணத்தைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தவர்களைக் கண்ணால் பார்த்த தேசத்தில், கோழியின் பெயரால் யார் என்ன சொன்னாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசிப்பது நல்லது.

முதல் ஐப்பசியிலேயே ஒரு சேவல் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். சாதாரணக் கோழியின் இறகில் இழைக்கு இழை கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு; ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு தகடு மாதிரி நிற்கும்; மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சில்க்கிக்கு அந்தக் கொக்கி இல்லை. அதனால்தான் இறகு பஞ்சாகத் தொங்குகிறது. ஒரே ஒரு ஜீன் மாறினதால் வந்த வினை இது என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள். பறக்கவும் முடியாது, மழையைத் தள்ளவும் முடியாது. அன்று மத்தியானம் மலைப் பக்கமிருந்து திடீரென்று இறங்கிய மழையில், பஞ்சாரத்தை மூடாமல் நான் தேனிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நனைந்த பஞ்சு மாதிரி ஒரு மூலையில் கிடந்தது. அப்புறம்தான் ஓடு வேய்ந்த கூடு கட்டினேன். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விடுவதையும் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன். வெள்ளைக் கழிச்சலுக்கு உலகமெல்லாம் நியூகாஸில் வியாதி என்று பெயர். நாம் மட்டும் அதை ராணிக்கெத் என்று இமயமலைப் பக்கத்து ஊரின் பெயரால் சொல்லிவருகிறோம். எந்த ஊருக்கும் இப்படி ஒரு கீர்த்தி வேண்டாம்.

மிஞ்சியது இரண்டு சேவல், ஒரு பெட்டை. அந்தப் பெட்டைக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். அவயத்தில் உட்கார வேண்டும். பத்துப் பதினைந்து முட்டை விடும், உட்கார்ந்துவிடும். முட்டையை எடுத்துவிட்டால் வெறும் தரையில் உட்காரும். ஒருமுறை நான் வைத்த கூழாங்கல்லின் மேல் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது. வருஷத்துக்கு நூறு முட்டை தேறுவதே ஜாஸ்தி. நாமக்கல் பண்ணைகளில் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடுகிற வெள்ளைக் கோழிகளுக்கு அவயம் என்றால் என்னவென்றே தெரியாது. உட்காருகிற கோழி முட்டையை நிறுத்திவிடுகிறது என்பதால், உட்காராத கோழியாகப் பார்த்துப் பார்த்து மனிதன் பெருக்கியிருக்கிறான். குஞ்சு பொரிக்க மின்சார யந்திரம் இருக்கிறது. தாய்மையைத் தனியே கழற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். சில்க்கியிடம் மட்டும் அது கழற்றப்படாமல் நின்றுவிட்டது. இங்கிலாந்தில் இதைக் காட்டுக்கோழி வகைகளின் முட்டைக்குச் செவிலித் தாயாக வைத்துக்கொண்டார்கள் என்று படித்தபோது, அழகுக்கென்று வாங்கியதில் இப்படி ஒரு பிரயோஜனமும் உண்டா என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலம். ஆத்தா வீட்டில் சத்தம் கேட்டது. தெருநாய் பஞ்சாரத்தைப் புரட்டிவிட்டிருந்தது. அவளுடைய கீரி நிறப் பெட்டை செத்துக் கிடந்தது.

ஒரு கோழிக்கு இத்தனை அழுகையா என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கடையில் வாங்கின கோழி இல்லை. ஆத்தா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவள் தாயார் சீரோடு ஒரு பஞ்சாரத்தில் வைத்துக் கொடுத்த சிறுவிடைக் கோழியின் வழி. மஞ்சள் கால், சின்ன உடம்பு, பருந்தைக் கண்டால் பாய்கிற தைரியம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தாய்க்குப் பின் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று அந்த முற்றத்திலேயே வந்த வம்சம். பள்ளிக்கூடச் சம்பளம், பேரன் காதுகுத்து, ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் கட்டணம் என்று எத்தனையோ அந்தக் கோழிக் காசில் நடந்திருக்கிறது. வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. முந்தின வருஷத்துச் சீக்கில் மற்றவை போய், இந்த ஒரு பெட்டையும் ஒரு சேவலும்தான் மிச்சம். அவயத்துக்கென்று தவிட்டுச் சட்டியில் சேர்த்து வைத்த முட்டைகள் இருந்தன. உட்காரத் தாய் இல்லை.

அன்று சாயங்காலம் சட்டியோடு அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அந்தப் பூனை சும்மாத்தானே உக்காந்திருக்கு?" என்றாள்.

ஒன்பது முட்டை வைத்தோம். அதற்கு மேல் அந்தச் சின்ன உடம்பு மூடாது. வைத்தது அவள்தான். முட்டைகளோடு ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல். இடிச் சத்தத்துக்கும் கெட்ட பார்வைக்கும் அது காவல். ஏழாம் நாள் நான் டார்ச் விளக்கில் முட்டைகளைப் பார்த்து இரண்டு கூமுட்டை என்று சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, எது அசைகிறது என்று அவளே பார்த்துக்கொண்டாள். அசையாதவை அதே இரண்டுதான். அதன் பிறகு என் டார்ச் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள். இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சுகள் பொரிந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் வழக்கு வந்தது. ஆத்தா ஒரு குஞ்சைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏப்பா, இதுக்கு அஞ்சு வெரலு."

ஆறில் இரண்டு குஞ்சுக்கு ஐந்து விரல். பறக்கத் தெரியாத என் சேவல்களில் ஒன்று, சுவர் இடிந்த சந்து வழியாக நடந்தே போய்க் குடும்பத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறது! ஆத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது. வம்சம் காப்பாற்றப்பட்டதா, கலைக்கப்பட்டதா? இரண்டையும் என் வீட்டுக் கோழிகளே செய்திருந்தன.

இதே கலப்பை ஒருவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார். சார்லஸ் டார்வின், கறுப்பு ஸ்பானிஷ் சேவலையும் வெள்ளைச் சில்க்கிப் பெட்டையையும் சேர்த்துப் பார்த்து, 1868-இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். குஞ்சுகள் எல்லாம் கறுப்பு, எலும்பும் கறுப்பு, ஆனால் ஒன்றுக்குக்கூடப் பஞ்சு இறகு இல்லை. அவற்றில் ஒரு சேவல் வளர்ந்து பெரியதானபோது, யாரும் எதிர்பாராத விதமாகச் செந்நிறம் பூண்டு, இந்தியக் காட்டில் திரிகிற சிவப்புக் காட்டுச் சேவலின் சாயலில் நின்றதாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளைக்குக் காட்டிலிருந்த முப்பாட்டன் முகம்! வீட்டுக் கோழிகள் எல்லாம் அந்த ஒரே காட்டுக் கோழியின் சந்ததி என்பதற்கு டார்வின் இதையும் ஒரு சாட்சியாக வைத்தார்.

அதற்கு வெகு காலம் முன்பே, புதுச்சேரிப் பக்கம் வந்து போன சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782-இல் வேறு அபிப்பிராயம் சொல்லியிருந்தார். தென்னாட்டுச் சாம்பல் நிறக் காட்டுக்கோழிதான் வீட்டுக் கோழியின் மூதாதை என்பது அவர் கட்சி. அந்தக் கோழிக்கு இன்றும் சாஸ்திரப் பெயரில் அவர் பெயரே இருக்கிறது. எங்கள் மேகமலைக் காட்டில் விடியற்காலையில் கூவுகிறதும் அதுதான். டார்வின் அவர் கட்சியை ஏற்கவில்லை, உலகமும் ஏற்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டதென்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2008-இல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான ஜீன் சிவப்புக் காட்டுக் கோழியிலிருந்து வந்ததல்ல. பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. எப்போதோ தென்னாட்டுக் காட்டுச் சேவல் ஒன்று ஏதோ ஒரு முற்றத்துக்குள் இறங்கியிருக்கிறது. சொன்னெராவுக்குக் கால் பங்கு நியாயமாவது கிடைத்தது. கால் என்ற சொல்லை இங்கே நான் சிலேடைக்காகப் போடவில்லை, தானாக விழுந்துவிட்டது.

ஆத்தா மறுபடி பேசத் தொடங்கினபோது இதை அவளிடம் சொன்னேன். "உன் கோழியோட மஞ்சக்கால் இருக்கே, அதுவே அந்த மலையிலேருந்து இறங்கி வந்த கலப்புத்தான் ஆத்தா."

அவள் ஆச்சரியப்படவில்லை. "இதைச் சொல்ல வெள்ளைக்காரன் வேணுமாக்கும்! எங்க அம்மா ஊரு மலையடிவாரம். காட்டுச்சாவல் வந்து தோட்டத்துக் கோழியோட மேஞ்சுட்டுப் போகும். விரட்டினா யாரு கேட்டா?" என்றாள்.

அப்புறம் அவளே ஒன்றைக் கவனித்துச் சொன்னாள். ஐந்து விரல் குஞ்சுகள் இரண்டில் ஒன்றுக்குக் கால் நல்ல கறுப்பு. மற்றதற்கு வெளிறின கால். "கறுத்தது பெட்டை, வெளுத்தது சாவல். பாத்துக்கிட்டே இரு" என்றாள். எப்படித் தெரியும் என்றால், "மூஞ்சியைப் பாத்தா தெரியலை?" என்கிறாள். 1911-இல் இங்கிலாந்தில் பேட்சன், பன்னெட் என்ற இரண்டு பேராசிரியர்கள் சில்க்கிச் சேவலை லெகார்ன் பெட்டையோடு சேர்த்துப் பல தலைமுறை வளர்த்துப் பார்த்து, பெட்டைக் குஞ்சுகள் கறுத்தும் சேவல் குஞ்சுகள் வெளுத்தும் வருவதையும், கறுப்பை அடக்குகிற குணம் தாயிடமிருந்து மகனுக்கு மட்டும் போவதையும் கணக்குப் போட்டு நிரூபித்தார்கள். மூஞ்சியைப் பார்த்து அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் நான்காவது மாதத்தில் வெளுத்த காலுடையது கூவிற்று.

அந்தச் சேவல் அடுத்த திருவிழாவில் கருப்பசாமிக்குப் போய்ச் சேர்ந்தது. "அஞ்சு விரல்னு சாமி கோவிச்சுக்காதா ஆத்தா?" என்று கேட்டேன். "சாமி வெரலை எண்ணிக்கிட்டா இருக்கு?" என்றாள். நான்கு விரல் குஞ்சுகளில் இரண்டு பெட்டைகள் தங்கின. மஞ்சள் கால், கீரி நிறம், அச்சாக அந்தத் தாயே. அவற்றைத் தன் சேவலோடு தனியாக அடைத்து, சந்தை நான் செங்கல் வைத்துப் பூசும்வரை வெளியே விடவில்லை. பூசி முடித்ததைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கறுத்த கால் பெட்டையை என்ன செய்வாளோ என்று நான் காத்திருந்தேன். விற்கவில்லை. கறி வைக்கவும் இல்லை. அதற்கு இறகு மற்றக் கோழி மாதிரியே தகடாக இருந்தது. மழையில் நனைந்தாலும் உதறிவிட்டு நடந்தது. மறு தை மாதம் பன்னிரண்டு முட்டை விட்டு, பதின்மூன்றாம் நாள் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது. கையை நீட்டினால் கொத்திற்று. மஞ்சள் கால் பெட்டைகளில் ஒன்றும் அப்போது முட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பேத்தி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மாமா, எங்க கோழி அவயத்துக்கு உக்காந்திருச்சாம். அப்பத்தா அந்த ஆணியை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. போன தடவை வச்சதே வேணுமாம், புதுசு வேண்டாமாம்."

தேடினேன். கூட்டுக்குள் வைக்கோலுக்கு அடியில், துருப்பிடித்து, அந்தக் கரித்துண்டோடு அப்படியே கிடந்தது.